கரையில் ஒரு பகற்பொழுது

மலர்க் குழுவினர் எம்மை அணுகி, கல்லூரி நாட்களைக் குறித்து ஒரு கட்டுரை வேண்டுமெனக் கேட்டனர். அவ்விடயத்தைப் பற்றி எம்மினும் வல்ல அன்பர் பலர் இம்மலரில் எழுதுவர் என்பது திண்ணம். ஆகவே நாம் கப்பற் பிரயாணத்தைப் பற்றி, அதிலும் கப்பல் கரை தொட்ட பின்னர் வாடகைக் காருக்கும் பஸ்ஸுக்கும் புகையிரதத்துக்கும் நடுவே நாம் பட்ட பாட்டைப் பற்றி எழுதத் துணிந்தோம். கல்லூரிக்கும் இதற்கும் யாது தொடர்பு என வினவும் வாசகர் சற்றுப் பொறுத்தருளல் வேண்டும். தொடர்பு உண்டு, அது போகப் போக விளங்கும்.

'நாம்' எனப்படுவோர் மூவர். 1968ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவர் இலண்டன் சென்று கணக்காளரானார். ஒருவர் ரொறன்ரோ சென்று பொறியியலாளரானார். மற்றவர் ஊரிலேயே தங்கி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். இக்கட்டுரையை எழுதுங் கை எவருடையது என்பதை ஆராய்தல் வேண்டா. ஒருவர் எழுத, மற்றை இருவரும் படித்துத் திருத்திய பின்னரே இது மலருக்கு அனுப்பப்படுகின்றது. எழுபதாவது வயது வாயிலில் வந்து நிற்கையில், இனியும் பிற்போட்டால் இது நடவாது என்ற எண்ணத்தால், 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மூவரும் கிரேக்க நாட்டிலே கூடி, மத்தியதரைக் கடலில் கப்பற் செலவொன்றை மேற்கொண்டோம். பிரேயஸ் துறையிற் கப்பலேறி, சந்தொரினி, நாப்போலி, சிவித்தாவெக்கியா, லிவோர்னோ என்னுந் துறைகளைக் கண்டு, பார்சலோனாவிற் கரையிறங்குவது ஏற்பாடு.

எமக்கு முந்திய தலைமுறையினருங் கப்பலிற் சென்றவர்களே. கொழும்பிற் கப்பலேறி, ஏடன் துறையிலும் சூயஸ் கால்வாயிலுந் தங்கித் தங்கி இங்கிலாந்து சேர்ந்த பழைய மாணவர்கள், விடுமுறையில் ஊர் வரும்போது கல்லூரி மண்டபத்திற் சொன்ன கதைகளை வாய் திறந்தபடி கேட்டிருந்த நாட்கள் எமக்கு நினைவுண்டு. அவர்களுக்குக் கப்பல் ஒரு பாலம். இடையில் வருந் துறைகள் வெறுந் தரிப்பிடங்கள். இக்காலத்து உல்லாசக் கப்பலின் தன்மையோ வேறு. அதிற் செல்பவர் எங்குஞ் சென்று சேர்வதில்லை. கப்பல் விடியற்காலையில் ஒரு துறையில் வந்து நிற்கும், மாலையிற் புறப்பட்டுவிடும். இடைப்பட்ட எட்டு அல்லது பத்து மணி நேரமே கரையிற் கழிப்பதற்குரியது. அந்நேரத்தில் ஒரு பெருநகரைக் காண வேண்டும். கண்டு திரும்பவும் வேண்டும். காண்பதைக் காட்டிலுந் திரும்புவதே கடினமென்பதை நாம் முதல் மூன்று நாட்களிலேயே அறிந்துகொண்டோம்.

கப்பலிலிருந்து இறங்குவோர் இரு சாதியினர். கப்பல் நிறுவனத்தார் ஏற்பாடு செய்யும் சுற்றுலாப் பஸ்ஸிற் செல்வோர் ஒரு சாரார். தம் பொறுப்பில் வாடகைக் காரோ புகையிரதமோ பிடித்துச் செல்வோர் மற்றைச் சாரார். முன்னவர் தாமதித்தாற் கப்பல் காத்திருக்கும், அல்லது அவர்களை அடுத்த துறையிற் கொண்டு சேர்ப்பது நிறுவனத்தாரின் கடமையாகும். பின்னவருக்காகக் கப்பல் காத்திராது. ஏறவேண்டிய கடைசி நேரம் கப்பற் படியருகே எழுதி வைக்கப்பட்டிருக்கும்; அது புறப்படும் நேரத்துக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ முந்தியதாகும். இறங்கும்போதும் ஏறும்போதும் எமது அட்டையைக் கருவியில் ஒற்றி எடுப்பதால், எவர் வரவில்லை என்பதைக் கப்பலார் துல்லியமாக அறிவர். அறிந்தும் புறப்படுவர். தவறவிடப்பட்டவர் தமது செலவில் அடுத்த துறைக்கு ஓடிவரல் வேண்டும்.

எம்முட் கணக்காளர் முதல் நாளே ஒரு தாளில் இருவகைச் செலவையும் எழுதி ஒப்பிட்டுக் காட்டினார். சுற்றுலாப் பஸ்ஸுக்கு மூவருங் கொடுக்கும் பணத்தில் புகையிரதத்திற் பலமுறை போய் வரலாம் என்பது அவர் கண்ட முடிவு. 'அந்தக் காசுக்கு இவர்கள் எம்மைப் பொதி போல ஏற்றி இறக்குவார்கள்' என்றார் பொறியியலாளர். ஆசிரியர் ஒன்றும் உரைக்கவில்லை. அவருடைய மௌனத்தின் பொருளை நாம் அப்பொழுது உணரவில்லை.

வாடகைக் காரோடு எமது முதற் சோதனை கப்பல் ஏறுமுன்னரே நிகழ்ந்தது. அதென்ஸ் நகரிலிருந்து பிரேயஸ் துறைக்கு ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றர் தூரம். சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட அதே 1869ஆம் ஆண்டில் இவ்விரு ஊர்களுக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கிற்று. அவ்வழி இன்று நகரப் புகையிரதத்தின் முதலாவது பாதையாக விளங்குகின்றது. ஆயினும் மூவரிடமும் பெட்டிகள் இருந்தமையால் மஞ்சள் நிற வாடகைக் கார் ஒன்றில் ஏறினோம். அந்நகரத்து மீற்றரில் இருவகைக் கட்டணங்கள் உண்டு. நகரெல்லைக்குள் பகலில் ஓடுவது முதலாவது. நள்ளிரவு முதல் விடியற்காலை ஐந்து மணி வரையிலும், நகரெல்லைக்கு வெளியிலும் ஓடுவது இரண்டாவது. எந்தக் கட்டணம் ஓடுகின்றது என்பதை மீற்றரில் ஒளிரும் இலக்கமே காட்டும். நாம் ஏறியது நண்பகல். மீற்றரிலோ இரண்டு என்ற இலக்கம். கணக்காளர் ஒரு வார்த்தையும் பேசாது அவ்விலக்கத்தை விரலாற் சுட்டிக் காட்டினார். சாரதியும் ஒரு வார்த்தையும் பேசாது பொத்தானை அழுத்த, இரண்டு ஒன்றாயிற்று. இருவரும் முகம் மாறாது அக்காரியத்தை முடித்த விதம் எமக்குப் பெருவியப்பை அளித்தது. அன்று முதற் கணக்காளர் எமது குழுவின் போக்குவரத்து அமைச்சரானார்.

சந்தொரினித் தீவிற் கப்பல் கரையை அணையாது. பண்டை நாளில் எரிமலை வெடித்து நடு நிலம் அமிழ்ந்தமையால் அங்கே கடல் மிக ஆழமானது. கரையோ செங்குத்தான மலை. சிறு படகிலே பழைய துறையில் இறங்கினாற் மேலே ஃபிரா நகருக்கு ஏற மூன்று வழிகள் உள. கேபிள் கார் ஒன்று. ஏறத்தாழ அறுநூறு படிகள் மற்றொன்று. அப்படிகளிலேயே கழுதை மீதும் கோவேறு கழுதை மீதும் ஏறிச் செல்வது மூன்றாவது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தையேனும், தன் நிறையில் ஐந்திலொன்றுக்கு மேற்பட்ட பாரத்தையேனும் அப்பிராணிகள் மீது ஏற்றலாகாதென 2018ஆம் ஆண்டிற் கிரேக்க அரசு விதித்தது. அவ்விதியைப் படித்ததும் நாம் மூவரும் ஒருவரையொருவர் நோக்கினோம். எவருடைய நிறையையும் இங்கே எழுதுதல் நாகரிகமன்று. கேபிள் காரில் ஏறினோம்.

மேலே ஃபிரா பஸ் நிலையத்திலிருந்து ஓயா என்னும் ஊருக்குச் செல்லும் பஸ்ஸில், நடத்துனர் நெரிசலுக்குள் நுழைந்து நுழைந்து பிரயாணச் சீட்டுக் கொடுத்தார். பின்னாற் போகுமாறு அவர் கிரேக்க மொழியிற் கூவியது எமக்கு விளங்காமலே விளங்கிற்று. காங்கேசன்துறை வீதியில் 769 இலக்க பஸ்ஸிற் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு எந்த நாட்டு நடத்துனரும் அந்நியரல்லர். ஆனால் மாலையில் கீழே இறங்குவதற்குக் கேபிள் கார் வாயிலில் நின்ற வரிசையைக் கண்டபொழுது எமது சிரிப்பு அடங்கிற்று. ஒரே நாளிற் பல கப்பல்கள் வந்திருந்தமையால் வரிசை தெருவரையில் நீண்டிருந்தது. முழங்கால் நோயுடைய ஆசிரியரை வரிசையில் நிற்கவைப்பதா, படியிறக்குவதா என்று நாம் ஆலோசிக்கையில், அவர் தாமே படிகளில் இறங்கத் தொடங்கிவிட்டார். கப்பல் தவறிவிடுமோ என்ற அச்சம் அவருக்கு எம்மினும் மிகையாக இருந்ததை அன்றே நாம் கவனித்திருத்தல் வேண்டும்.

நாப்போலியிற் கப்பற்றுறை வாயிலைத் தாண்டியதும் சாரதிமார் எம்மைச் சூழ்ந்துகொண்டனர். 'பொம்பேயிக்குப் போகும் புகையிரதம் இன்று ஓடாது' என்றார் அவர்களுள் ஒருவர், துக்கந் தெரிவிப்பவர் போன்ற குரலில். அந்நகரிற் குறித்த சில இடங்களுக்கு நிலையான கட்டணம் உண்டு. ஆயினும் பிரயாணத் தொடக்கத்திலேயே அதனைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும், கேளாதவருக்கு மீற்றரே ஓடும். கணக்காளர் இதனை முன்னரே படித்திருந்தார். எனினும் நாம் கார் ஏறாது, அருகிலிருந்த நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்திற் புகுந்து, கரிபால்டி நிலையத்திற் சிறு புகையிரதத்துக்கு மாறினோம். ஓடாதென்று கூறப்பட்ட புகையிரதம் நிரம்பி வழிந்து ஓடிக்கொண்டிருந்தது.

கி.பி. 79ஆம் ஆண்டில் வெசூவியஸ் எரிமலையாற் புதையுண்ட பொம்பேயியின் தெருக்களில் எம்மை மிகக் கவர்ந்தவை மாளிகைகளல்ல, சக்கரத் தடங்களே. கருங்கல் பாவிய தெருவில் வண்டிச் சக்கரங்கள் ஓடியோடி ஆழமான பள்ளங்களை இட்டிருக்கின்றன. பாதசாரிகள் கால் நனையாமற் கடப்பதற்கு உயர்ந்த கற்களைத் தெருக் குறுக்கே வைத்து, சக்கரம் போகும் அளவுக்கு அவற்றினிடையே இடமும் விட்டிருக்கின்றனர். இத்தடங்களையுந் தெருவோரக் கற்களின் தேய்வையும் ஆராய்ந்த எரிக் போலர் என்னும் அமெரிக்க அறிஞர், அந்நகரில் ஒருவழித் தெருக்கள் இருந்தன என்றும், வண்டிகள் பெரும்பாலும் வலப்புறமாகவே ஓடின என்றும் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளார். 'அந்த வண்டிக்காரரும் வந்தவரிடம் கூடுதலாகக் கேட்டிருப்பரோ?' என்றார் பொறியியலாளர். 'கேட்டிருப்பர், கொடுத்தவனுங் கதை சொல்லியிருப்பான்' என்றார் ஆசிரியர்.

இனி உரோமாபுரிக்கு வருவோம். எமது செலவின் நோக்கமே அந்நகர்தான்.

அதற்குக் காரணர் எமது ஒன்பதாம் வகுப்பு வரலாற்று ஆசிரியர். வேட்டியும் வெள்ளை நஷனலுமாக வகுப்பினுள் நுழைந்து, புத்தகத்தைத் திறவாமலே கரும்பலகையில் இத்தாலி நாட்டை ஒரே கோட்டிற் சப்பாத்து வடிவில் வரைவார். பின்பு உரோமாபுரியில் ஒரு புள்ளியிட்டு, அதிலிருந்து வீதிகளை இழுப்பார். தென்கிழக்கே அப்பியா, வடக்கே ஃபிளமினியா, மேற்குக் கடலோரமாக அவுரேலியா. அதன்மேல் மன்றத்தின் வரைபடம்: ஒரு தலைப்பிற் தீத்தஸ் வளைவு, மறுதலைப்பிற் செவேரஸ் வளைவு, இடையே புனித வீதி. இத்துணையும் வரைந்த அப்பெருமகன் வாழ்நாளிற் கடந்த கடல், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட கடலேயாகும். ஒருநாள் வெண்கட்டித் தூளைக் கையினின்றுந் தட்டிக்கொண்டு, 'உங்களில் ஒருவனாவது அங்கே போய் நின்று, நான் கீறினது சரியோ பிழையோ என்று எனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்' என்றார். நாம் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அவர் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகளாகிவிட்டன, கடிதம் எழுதப்படவில்லை.

உரோமாபுரியின் துறை எனப்படும் சிவித்தாவெக்கியா, திராஜான் பேரரசன் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது. நகரிலிருந்து அது ஏறத்தாழ எழுபது எண்பது கிலோமீற்றர் தொலைவிலுள்ளது; உரோமாபுரித் துறையென்ற பெயரை நம்பி இறங்குவோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. கப்பலருகிலிருந்து இலவச பஸ் எம்மைத் துறைமுக எல்லையிலுள்ள தரிப்பிடத்தில் இறக்கிற்று. அங்கிருந்து மற்றொரு பஸ்ஸிற் புகையிரத நிலையஞ் சென்று, காகிதச் சீட்டைச் சுவரிலிருந்த பொறியில் அடையாளமிட்டுக்கொண்டோம். சீட்டு வாங்கியது போதாது; அடையாளமிடாதவர் தண்டப்பணங் கட்டல் வேண்டும். ஒஸ்தியென்சே நிலையத்தில் இறங்கி நிலக்கீழ்ப் புகையிரதத்திற் சென்று, பத்தேகால் மணிக்குக் கொலோசியத்தின் முன்னே நின்றோம்.

மன்றத்தினுள் ஆசிரியர் முன்னே நடக்க நாம் பின்னே சென்றோம். கிழக்கே தீத்தஸ் வளைவு. மேற்கே குன்றின் அடியிற் செவேரஸ் வளைவு. இடையே தேய்ந்த கற்கள் பாவிய புனித வீதி. குன்றின் மேலேறி மேலிருந்து நோக்கியபொழுது, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் வெண்கட்டியாற் கண்ட கோடுகள் கல்லாக விரிந்து கிடந்தன. எவரும் பேசவில்லை. கணக்காளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசியாகக் கப்பலேற வேண்டிய நேரம் மாலை ஆறரை மணி. மூன்றரை மணிப் புகையிரதத்தைப் பிடித்தால் ஐந்து மணிக்கு முன்னரே துறை சேரலாமென்பது எமது கணக்கு. ஒஸ்தியென்சே நிலையத்துக்கு நேரத்தோடே வந்துவிட்டோம். அறிவிப்புப் பலகையில் எமது வண்டிக்கு நேரே இருபது நிமிடத் தாமதம் என்றிருந்தது. பின்னர் நாற்பது என்றாயிற்று. அதன்பின் வண்டி இல்லை என்றே ஆயிற்று. பாதையில் ஏதோ கோளாறு. மேடை முழுவதும் எம்மைப் போன்ற கப்பற் பிரயாணிகள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் பலகையைப் பார்ப்பதுமாக நின்றனர்.

கணக்காளர் அடுத்த வண்டிக்குக் காத்திருப்போமென்றார். பொறியியலாளர் உடனே வாடகைக் கார் பிடிப்போமென்றார். இருவரும் வாதாடத் தொடங்கினர். ஒருவர் பணத்தைச் சொன்னார். மற்றவர் நேரத்தைச் சொன்னார். பின்பு இருவரும் 1971ஆம் ஆண்டுக் கிரிக்கெற் ஆட்டமொன்றில் எவர் எவரை ஓட்டமிழக்கச் செய்தார் என்பதையுஞ் சொன்னார்கள். அவ்வேளையில் ஆசிரியர் தமது பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அது அவரது கடவுச்சீட்டின் பிரதி.

'மூலம் கப்பலில் வாங்கி வைத்திருக்கிறார்கள். விசா அதிலேதான் இருக்கிறது. மாலை போடவேண்டிய இன்சுலினும் கப்பலறையிலே இருக்கிறது. கப்பல் போய்விட்டால் உங்கள் இருவருக்கும் அடுத்த துறை லிவோர்னோ. எனக்கு அடுத்த துறை எது?'

பிரித்தானியக் கடவுச்சீட்டும் கனடாக் கடவுச்சீட்டும் வைத்திருந்த இருவரும் தலை குனிந்தோம். ஒரே வாங்கில் இருந்தவர்கள். ஒரே கப்பலிற் சமமான கட்டணங் கொடுத்து ஏறியவர்கள். எனினும் ஒரு புகையிரதந் தவறினால் இருவருக்கு அது வீண்செலவு. ஒருவருக்கு அது அந்நிய நாட்டிற் கடவுச்சீட்டின்றி நிற்கும் அவலம். எட்டு நூற்றாண்டுத் தூரம் போன்ற இவ்வேற்றுமையை ஐந்து நாட்களாக நாம் எண்ணிப் பார்க்கவில்லை. அவரும் எம்மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாது சொல்லவில்லை.

நிலைய வாயிலில் வெண்ணிற வாடகைக் கார்கள் நின்றன. முதற் சாரதி முந்நூறு யூரோ கேட்டார்; தொகையைத் தாளில் எழுதித் தருமாறு கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டாமவர் நரைத்த மீசையுடைய முதியவர். நூற்றெண்பது என்று தாமே எழுதி எம்மிடந் தந்தார். கணக்காளரின் மனம் அப்பொழுதுந் தெளியவில்லை. சாரதி பார்த்திருக்கவே, கார்க் கதவிலிருந்த அனுமதி இலக்கத்தைத் தமது கைத்தொலைபேசியிற் படம் பிடித்துக்கொண்டார். முதியவர் அதனைக் கண்டார், ஒன்றுஞ் சொல்லவில்லை. நாலரை மணிக்குக் கார் புறப்பட்டது.

நகர நெரிசலைத் தாண்டிப் பெருஞ்சாலையை அடைவதற்கே நெடுநேரஞ் சென்றது. பின்பு கார் விரைந்தது. நாம் மூச்சு விட்டோம். ஆனால் செர்வெத்தேரிக்குக் கிட்டியதும் முதியவர் திடீரெனப் பெருஞ்சாலையை விட்டு விலகி, ஒடுங்கிய பழைய வீதியொன்றிற் காரைத் திருப்பினார். கணக்காளர் கொதித்தெழுந்தார். 'சுற்றிக் காட்டுகிறான், நேரம் போனபின் இன்னுங் கேட்பான்' என்று எம்மிடந் தமிழிலும், அவரிடம் ஆங்கிலத்திலுங் கடிந்தார். முதியவருக்கு ஆங்கிலம் அரிது. 'இன்சிதென்தே, இன்சிதென்தே' என்று இருமுறை சொல்லிவிட்டு வீதியையே நோக்கி ஓட்டினார்.

அப்பொழுது ஆசிரியர் சன்னலினூடாக ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். 'மச்சான், பேசாமல் இரு. இது பிழையான பாதை இல்லை. பலகையைப் பார். வியா அவுரேலியா. மாஸ்ரர் கீறின கோடு. கடலோரமாக வடமேற்கே போகும். துறை இந்த வீதியிலேதான் இருக்கிறது' என்றார்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உரோமர் அமைத்த வீதியது. சற்று நேரத்தில் இடப்புறத்திற் கடல் தோன்றிற்று. சாந்தா செவெராவின் பழங்கோட்டை அலையோரத்தில் நின்றது. சாந்தா மரினெல்லாவின் கடைத்தெருவைக் கடந்தோம். எல்லாப் பாதைகளும் உரோமாபுரிக்கே செல்லுமென்று படித்திருக்கின்றோம். அன்று எமக்கு வேண்டியிருந்தது உரோமாபுரியினின்றும் வெளியேறும் ஒரு பாதை. அதனையும் எமது ஆசிரியர் கரும்பலகையில் வரைந்தே வைத்திருந்தார்.

ஆறு மணி பத்து நிமிடத்திற்குத் துறைமுகத் தரிப்பிடத்தை அடைந்தோம். கப்பலுக்குச் செல்லும் பஸ் கதவை மூடிக்கொண்டு நகரத் தொடங்கியது. முதியவர் காரை நிறுத்திப் பாய்ந்து இறங்கி, இரு கைகளையும் விரித்து பஸ்ஸின் முன்னே நின்றார். பஸ் நின்றது. கணக்காளர் இருநூறு யூரோவைக் கொடுத்து, மிச்சம் வேண்டாமெனச் சைகை காட்டினார். முதியவர் தாம் எழுதிய தாளைத் தொட்டுக் காட்டி, இருபது யூரோவை ஆசிரியரின் கையில் வைத்து, முதுகிற் தட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவர் பெயரைக் கேட்கவும் எமக்கு நேரமிருக்கவில்லை.

அன்று மாலை கப்பற் படியை எடுக்கும் வேளையில் ஒரு குடும்பத்தினர் ஓடிவந்து ஏறினர். பெருஞ்சாலையில் விபத்து நிகழ்ந்து வாகனங்கள் நெடுநேரம் நின்றுவிட்டனவென அவர்கள் மேற்றளத்திற் சொல்லிக்கொண்டிருந்தனர். 'இன்சிதென்தே' என்பதற்கு இத்தாலிய மொழியில் விபத்து என்பதே பொருளாம். கணக்காளர் ஒரு மூலைக்குச் சென்று, கைத்தொலைபேசியில் இருந்த அனுமதி இலக்கப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்து, பின்னர் அதனை அழித்தார்.

இரவு உணவின்போது, அந்த முதியவரை எப்படி நம்பினாயென ஆசிரியரை வினவினோம். அவர் ஒரு கதை சொன்னார். தொண்ணூறுகளின் முற்பகுதியில், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், வாடகைக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை வீதியை மூடும். அப்படியொரு நள்ளிரவில், வெளிச்சமில்லாத ஒழுங்கைகளூடாக ஒரு ஏ-40 கார், அவருடைய தாயாரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சந்தியிற் கார் வைத்திருந்த அச்சாரதி அன்று வாங்கியது மண்ணெண்ணெயின் விலையை மட்டுமே. 'அவரும் வேறொரு நாள் என்னிடங் கூடக் கேட்டவர்தான். கூடக் கேட்கிற மனிசன் எல்லாம் கள்ளன் இல்லை' என்று முடித்தார் ஆசிரியர். அக்காலத்தில் அந்நிய நாட்டிலிருந்த மற்றை இருவருக்குஞ் சொல்ல மறுமொழி இருக்கவில்லை.

இப்பிரயாணத்தில் நாம் கற்றவற்றைப் பழைய மாணவ அன்பர்க்குச் சுருங்கக் கூறுவோம். கட்டண விதியை இறங்குமுன்னரே அறிந்துகொள்க. தொகையைத் தாளில் எழுதுவித்து வாங்குக. திரும்பும் வழிக்கு ஒன்றன்றி இரண்டு வழிகளை முன்கூட்டியே தெரிந்து வைக்குக; புகையிரதம் ஒன்றை நம்புவதாயின் அதற்கு முந்தியதிலேயே ஏறுக. கடவுச்சீட்டின் பிரதியும், அன்றைய மருந்தும், கப்பல் முகவரின் தொலைபேசி இலக்கமும் சட்டைப் பையில் இருத்தல் வேண்டும். குழுவில் எவருக்கு ஆபத்து அதிகமோ அவரது அச்சத்தையே எல்லோரும் தமது அச்சமாகக் கொள்ளுதல் வேண்டும். இவையெல்லாஞ் செய்தபின்னர், எதிரே வருபவரின் முகத்தையுஞ் சற்று நோக்குதல் வேண்டும்.

எமது சொந்தத் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன காங்கேசன்துறைப் புகையிரதம் 2015ஆம் ஆண்டு சனவரியில் மீண்டும் அங்கு வந்தது. 2023ஆம் ஆண்டு யூன் மாதத்திற் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அத்துறையை அடைந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பலும் ஓடத் தொடங்கிற்று. அத்துறையில் இறங்குபவர் கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் நல்லூருக்குஞ் செல்ல முச்சக்கர வண்டியையும் வாடகைக் காரையுமே நாடுவர். துறை வாயிலில் எல்லோருந் தெளிவாக வாசிக்கத்தக்க கட்டணப் பலகையொன்றை, மூன்று மொழிகளில், நாட்டுவதற்குப் பழைய மாணவர் சங்கம் உரியவர்களோடு பேசி முன்னின்று உழைக்கலாகாதா? எமது ஊர்ச் சாரதிமாரைப் பற்றி வேற்றூரார் வீடு திரும்பி என்ன கதை சொல்வர் என்பது எமது கையிலும் இருக்கின்றது. நரைத்த மீசை முதியவரைப் போல ஒருவர் இருந்தாற் போதும். ஆனால் அவரைச் சந்திப்பது பயணியின் அதிட்டத்தில் மட்டுந் தங்கியிருத்தல் ஆகாது.

கல்லூரிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இப்பொழுது விளங்கியிருக்கும். நாம் எழுதத் தவறிய கடிதமொன்று உண்டு. அதனை அனுப்புதற்கு முகவரி இல்லாமையால் இம்மலரிற் பதிகின்றோம்.

ஐயா, நாம் மூவரும் அங்கே போய் நின்றோம். இரண்டு வளைவுகளும் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அவுரேலியா வீதியும் நீங்கள் கீறியபடியே கடலோரமாகப் போகின்றது; அதில் நாமே வந்து பார்த்தோம். நீங்கள் வரைந்தது சரி.